மருமகனுக்குக் கொடுத்த படை

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஏழு பிள்ளைகளை வளர்த்தேன். ஐந்து நான் பெற்றவை, இரண்டு செத்துப்போன என் தங்கச்சி விட்டுப்போனவை. ஒன்றைக் கடல் கொண்டுபோனது. மற்ற ஆறும் உண்டு உடுத்து இருக்கின்றன. மூன்றாம் வகுப்பு முடிய முன்னமே என்னை வயலுக்குக் கூட்டிப்போய்விட்டார்கள். ஆனபடியால் எழுத்து எனக்கு மெதுவாகத்தான் வரும். வரட்டும். அவசரமாக எழுதத் தெரிந்த மூன்று ஆண்களின் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்கு முதலில் அதைச் சொல்ல வேண்டும். மட்டக்களப்பில் வீடும் வளவும் பெண்பிள்ளைக்கு. ஆண்பிள்ளை கலியாணம் கட்டிப் பெண்வீட்டுக்குப் போவான். பிறக்கிறது தாயின் வீட்டில், வாழ்கிறது பெண்சாதியின் வீட்டில், கண் மூடுகிறது மகளின் வீட்டில். தன் பேரில் ஒரு வாசற்படி இல்லாமலே ஒரு ஆண் இங்கே நல்லவன் என்று பேரெடுத்துச் சாகலாம். அதில் ஒரு குறையும் இல்லை. குறை என்னவென்றால், வாசற்படி இல்லாதவர்களுக்குச் சும்மா இருக்கிற நேரத்தில் நாடு தேவைப்படுகிறது.

அந்த மூன்று பேரில் ஒருவர் என் வீட்டுக்காரர். வாவியில் வலை வீசுகிறவர், மத்தியானத்துக்குப் பிறகு ஒரு வேலையும் இல்லை. அடுத்தவன் என் தம்பி. அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்து பென்சன் எடுத்தவன், சிங்களம் நன்றாகப் பேசுவான், அந்தத் திமிர் கொஞ்சம் உண்டு. மூன்றாவது ஒரு மாஸ்டர். கிரானிலிருந்து எங்கள் ஊருக்குக் கலியாணம் கட்டி வந்து, சரித்திரம் படிப்பித்து ஓய்ந்தவர். கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிடந்த மணலில் என் தாய் எனக்குத் தந்த வீடு இருந்தது. அந்த வளவுப் பூவரசமரத்தின் கீழ் மூன்று பேரும் பின்னேரம் கூடுவார்கள். தேத்தண்ணி என் கணக்கில்.

பேச்சு எப்போதும் ஒன்றுதான். அப்படி நடந்திருந்தால் இப்படி ஆகியிருக்கும். மாஸ்டருக்குப் பெரிய மனத்தாங்கல் ஒன்று இருந்தது. புத்தகங்கள் எல்லாம் வெள்ளைக்காரன் வர முன்னம் இந்தத் தீவில் மூன்று ராச்சியம் என்று எழுதுகின்றனவாம். கோட்டை, கண்டி, யாழ்ப்பாணம். எங்களை நாலாவதாக எண்ணுவார் இல்லை, யாராவது ஒருவருடைய வாலாகத்தான் எங்களைப் படத்தில் கீறுகிறார்களாம். ஒல்லாந்தன் கப்பல் வந்து நின்றது எங்கள் வாவி முகத்தில். கண்டி ராசா அவனோடு பேச்சு வைத்தபோது எங்களைக் கேட்காமலே எங்களை வைத்துப் பேசினான். அன்றைக்கு எங்கள் சிற்றரசர்களான வன்னிமைகள் ஒன்றாக எழுந்து நின்று "இது எங்கட துறை" என்று சொல்லியிருந்தால் இன்றைக்கு மட்டக்களப்பு ஒரு தனி நாடு. சிங்கப்பூரைப் பார், பாப்பரசரின் நாட்டைப் பார், ஒரு மதிலுக்குள் அடங்குகிற நாடு, அதற்குத் தபால் முத்திரை கூட இருக்கிறது என்பார்.

என் தம்பிக்குத் தனியாக நிற்கப் பயம். கண்டியோடு சேர்ந்திருக்க வேண்டும் என்பான். உப்பும் கருவாடும் நாங்கள் கொடுக்காவிட்டால் மலைநாட்டான் எதைத் தின்பான், ஆகவே எங்கள் சொல்லுக்கு அங்கே விலை இருந்திருக்கும் என்பது அவன் கணக்கு. என் வீட்டுக்காரர் வடக்கோடுதான் சேர வேண்டும் என்று நிற்பார். ஏன் என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. சின்ன வயதில் ஒரு தரம் நல்லூருக்குப் போய் வந்தவர், அங்கே நல்ல மோர் கொடுத்தார்களாம்.

இவர்கள் நாடு தேடித் திரிந்த காலத்தில் நான் இரண்டு நாட்டுக்குள் போய் வந்துகொண்டிருந்தேன். என் தாய்வழி வயல் வவுணதீவில், வாவிக்கு மேற்கே, நாங்கள் படுவான்கரை என்கிற பக்கத்தில் இருந்தது. அது அப்போது இயக்கப் பெடியளின் கையில். இந்தப் பக்கம் ஆமி. வயலுக்குப் போகிற நாளில் முதலில் ஆமிக்காரன் என் சாக்கைக் கவிழ்த்துக் கொட்டச் சொல்லுவான். பற்றரி இருக்கிறதா, பசளை இருக்கிறதா, சவுக்காரம் ஏன் இவ்வளவு. பிறகு மனிதரில்லாத ஒரு துண்டு ரோட்டில் நடக்க வேண்டும். அதற்கு அங்கால் பெடியள் ஒரு மேசை போட்டு இருப்பார்கள். அவர்களும் கவிழ்க்கச் சொல்லுவார்கள். வரி எடுப்பார்கள். அங்கே வேறு பொலிசு, வழக்குக்கு வேறு கோடு, மணிக்கூடு கூட வேறு. இங்கே பத்து மணி என்றால் அங்கே ஒன்பதரை. நான் வயலில் நிற்கிற மாட்டிடம் நேரம் கேட்கிறவள், எனக்கு அது ஒரு தொல்லையும் செய்யவில்லை. ஆனால் நாடு என்றால் என்னவென்று அன்றைக்கே விளங்கிக்கொண்டேன். உன் சாக்கைக் கொட்டு என்று ஒருவன் எந்த இடத்தில் சொல்கிறானோ அங்கே ஒரு நாடு தொடங்குகிறது. சிந்திய நெல்லை யாரும் பொறுக்கித் தருவதில்லை.

பின்னேரம் வீட்டுக்கு வந்தால் மரத்தின் கீழ் மாஸ்டர் எல்லை போட்டுக்கொண்டிருப்பார். வவுணதீவு எங்களுக்கு என்பார். நான் அங்கிருந்துதான் வருகிறேன், அங்கே யார் இருக்கிறான், என்ன விலை போகிறது என்று ஒரு சொல் கேட்க மாட்டார்.

இயக்கம் வடக்கு கிழக்கு என்று இரண்டாகப் பிளந்த வருசம் இந்தப் பேச்சு உயிருக்கு ஆபத்தாகிப்போனது. சேர்ந்திருக்க வேண்டும் என்றால் ஒருவன் சுடுவான், பிரிய வேண்டும் என்றால் மற்றவன் சுடுவான். பிளப்புத் தெரிந்த நாளிலிருந்து மூன்று பேரும் ஒல்லாந்தனை மட்டும் பேசினார்கள். செத்துப்போனவர்களைப் பற்றிப் பேசினால் சுடமாட்டார்கள் என்று ஒரு நம்பிக்கை. வெளிக்கேட்டில் மோட்டார்சைக்கிள் சத்தம் கேட்டால் ஒல்லாந்தனும் நின்றுபோவான், நெல்விலை வரும்.

அந்த வருசக் கடைசியில் கடல் வந்தது. அதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், எனக்கு எழுத விருப்பமில்லை. என் தங்கச்சியின் மூத்த மகன் அன்று விடியவே கரைவலை இழுக்கப் போயிருந்தான். வீடும் போனது, பூவரசும் போனது. கிணற்றுக்கட்டு மட்டும் நின்றது. அதை வைத்துத்தான் இது என் வளவு என்று கண்டுபிடித்தேன்.

எங்களைத் தன்னாமுனைப் பக்கம் கொண்டுபோய்த் தகரக் கொட்டிலில் வைத்தார்கள். அங்கே வெளிநாட்டு உதவிக்காரர் வந்து பெரிய பெரிய வெள்ளைத் தாள்களும் கலர்ப் பேனைகளும் தந்தார்கள். உங்கள் ஊர் எப்படி இருந்தது, யார் வீடு எங்கே, கோயில் எங்கே என்று கீறிக் காட்டுங்கள் என்றார்கள். அந்த ஒரு நாள் அந்த மூன்று பேரும் மரியாதையாக இருந்தார்கள். ஒவ்வொரு வீடாகக் கீறினார்கள். வீட்டுக்காரியின் பேரைச் சொல்லிச் சொல்லிக் கீறினார்கள், செத்தவர்களின் வீட்டையும் விடவில்லை. எங்கள் வீடு வந்த இடத்தில் என் வீட்டுக்காரர் பேனையைத் தம்பியிடம் கொடுத்தார். அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் தாள் மிச்சம் இருந்தது. பேனையும் மிச்சம். வலை இல்லை, தோணி இல்லை, செய்வதற்கு வேலை இல்லை. உதவிக்காரர் வைத்த கறுப்புத் தண்ணீர்த் தாங்கியின் நிழலில் கதிரையைப் போட்டு மூன்று பேரும் தங்கள் நாட்டைக் கீறத் தொடங்கினார்கள். நிழல் நகர நகரக் கதிரையும் நகரும், நாடும் நகரும்.

கீற வெளிக்கிட்ட பிறகுதான் அவர்களுக்கு எங்கள் ஊர்கள் எப்படிக் கிடக்கின்றன என்று தெரிந்தது. கல்முனை ரோட்டில் ஒரு தமிழ் ஊர், ஒரு முஸ்லிம் ஊர், மறுபடி ஒரு தமிழ் ஊர் என்று பாசிமணி கோத்த மாதிரி. தமிழ் ஊருக்குச் சிவப்பு, முஸ்லிம் ஊருக்குப் பச்சை என்று தீட்டினார்கள். பஸ்ஸில் ஒரு தரம் கல்முனைக்குப் போய்வர எத்தனை பாஸ்போட் வேண்டும் என்று நான் கேட்டேன். அதெல்லாம் ஒப்பந்தத்தில் வரும் என்றான் தம்பி.

இறால் வாங்க வருகிற காத்தான்குடிக் காக்கா ஒருவர் இருந்தார், முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். கடலுக்குப் பிறகும் எங்களைத் தேடி வந்த ஒரே வியாபாரி. அவர் சைக்கிளை நிறுத்தி அந்தப் படத்தைக் குனிந்து பார்த்தார். கடற்கரை நெடுகச் சிவப்பு ஓடியிருந்தது.

"நம்மட ஊருக்குக் கடலக் காணல்லியே மாஸ்டர்," என்றார்.

மாஸ்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு, உங்களுக்கு வாவிப் பக்கம் தந்திருக்கிறோம் என்றார்.

"சரி, பரவால்ல. நம்மட ஊர்லயும் நாலு பேர் இதே வேலதான் பாக்கானுகள். அவனுகள்ற படத்தில உங்கட ஊருக்கு ரோட்டு இல்ல." காக்கா சைக்கிளில் ஏறினார். "தங்கச்சி, இறால் இருந்தா நாளைக்கு வையுங்க. எல்லையில நிண்டு வாங்குறன்."

நான் சிரித்த சிரிப்பில் மாஸ்டர் என்னோடு சில நாள் பேசவில்லை. எனக்கு நட்டமில்லை.

நாடு கீறி முடிந்ததும் பதவி வந்தது. மூன்று பேரும் தலைவராக வேண்டும் என்றார்கள். கடைசியில் என் தம்பி தலைவர், மாஸ்டர் வெளிநாட்டு அமைச்சர், என் வீட்டுக்காரர் வாவிக் கடற்படைக்குப் பெரியவர் என்று ஒத்துக்கொண்டார்கள். படை மிச்சம். படை என்றால் நடக்க வேண்டும், சுமக்க வேண்டும். முழங்கால் வலிக்காரர் ஒருவரும் அதை ஏற்கவில்லை. அந்த மாதம்தான் என் கடைசி மகளுக்குக் கலியாணம் பேசி முடிந்திருந்தது. மாப்பிள்ளை வவுணதீவுப் பெடியன், வயல் செய்கிற கமக்காரன், அதிகம் பேசமாட்டான், வேலைக்குச் சளைக்கமாட்டான். வீட்டுக்கு வருகிற மருமகனுக்குத்தான் எங்கள் பக்கத்தில் பாரமான வேலையெல்லாம். கிணறு இறைக்க மருமகன், வேலி அடைக்க மருமகன், கதிர்க்கட்டுத் தூக்க மருமகன். ஆகவே என் வீட்டுக்காரர், ஒரு நினைப்பும் இல்லாமல், படம் முழுக்கத் தெரிகிற எழுத்தில் "படை: மருமகன்" என்று எழுதினார். பெண்வீட்டில் மருமகனைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கம் எங்களிடம் இல்லை. எழுதும்போதும் அந்த மரியாதை கையில் நின்றது. வேறு எந்த ஊர்க்காரன் கீறியிருந்தாலும் அந்த இடத்தில் ஏதோ ஒரு ராசாவின் பேரை எழுதியிருப்பான்.

கலியாணம் நடந்தது. எங்களுக்குக் கல்வீடு கட்டித் தந்தார்கள். படத்தை என் வீட்டுக்காரர் சுருட்டிக் கூரைக்கும் கைமரத்துக்கும் நடுவில் செருகினார். அடுப்புக்குத் தாருங்கள் என்று கேட்டேன். சரித்திரத்தை அடுப்பில் வைப்பதா என்றார்.

பிறகு ஆமி படுவான்கரையைப் பிடித்தது. ஷெல் அடிக்கு அங்கிருந்து சனம் பெட்டி படுக்கையோடு வாவியைக் கடந்து வந்தது. எங்கள் பக்கத்தில் சுற்றிவளைப்பு வரத் தொடங்கியது. அப்படி ஒரு காலையில், மகளுக்கு அப்போது மாதம் ஏழு, ஆமிக்காரர் வீட்டுக்குள் வந்து தேடினார்கள். ஒருவன் கையை உயர்த்தி அந்தச் சுருளை இழுத்தான். விரித்தார்கள். எல்லைக்கோடு, துறைமுகம், கடற்படை, படை. அவர்களோடு தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவன் வந்திருந்தான். மருமகன் என்பது யார் என்று கேட்டான். என் மகள் ஒன்றும் அறியாமல், "என்ட அவர்தான், மாடு கட்டிறார்," என்று சொன்னாள்.

மாடு அவிழ்ந்தபடி நின்றது. அவரை ட்ரக்கில் ஏற்றிவிட்டார்கள்.

என் வீட்டுக்காரர் சாரத்தை இறுக்கிக் கட்டினார், தளர்த்தினார், மறுபடி கட்டினார். ட்ரக் மறைந்த பிறகு வாய் திறந்தார்.

"சும்மா கீறினது எண்டு அவனுகளுக்கு விளங்கும்."

"விளங்கப்பண்ண நீங்கதான் வரோணும்," என்றேன். "கீறின கை உங்கட கை."

அந்தக் காலத்தில் ஆமிக் காம்புக்குப் போனவர்கள் எல்லோரும் திரும்பவில்லை. நேரம் போகப் போக வருகிற வழி ஒடுங்கிப்போகும் என்பது எங்களுக்கு எல்லோருக்கும் தெரியும். மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியில் இருந்தாள், அழவும் இல்லை. அவள் என்னைப் பார்த்த பார்வையில் நான் என்ன செய்ய வேண்டும் என்று இருந்தது.

தம்பியின் பெண்சாதி வீட்டுக்குப் போனேன். கதை அவனுக்கு முன்னமே வந்திருந்தது. சட்டை போடாமல் உள்ளே இருந்தான்.

"அக்கா, நான் அரசாங்கத்தில இருந்தவன். என்ட பேர் வந்தா பென்சன நிப்பாட்டிப்போடுவானுகள்."

"பென்சன் தாற நாட்டை வைச்சுக்கொண்டா ராசா, இன்னொண்டு கீறினாய்? சட்டையப் போடு."

மாஸ்டர் காய்ச்சல் என்று போர்த்திப் படுத்திருந்தார். நெற்றியைத் தொட்டேன், என் கையை விடக் குளிர். சரித்திரத்தில் இப்படிக் குற்றமில்லாதவர்கள் எத்தனையோ பேர் என்று தொடங்கினார்.

"சரித்திரத்த மடிச்சு இடுப்பில சொருகிக்கொண்டு எழும்புங்க மாஸ்டர். நீங்க வரல்ல எண்டா நான் போய், யாருக்கு என்ன பதவி எண்டு ஒவ்வொண்டாச் சொல்லுவன்."

வெயிலில் நான் முன்னால் நடந்தேன். தலைவரும் அமைச்சரும் கடற்படையும் வரம்பில் வாத்துப் போகிற மாதிரிப் பின்னால் வந்தார்கள். வழியில் ஒருவரும் நாடு பேசவில்லை.

காம்ப் ஒரு பழைய நெல்லாலையில் இருந்தது. எவ்வளவோ நேரம் வெளியில் நிற்க வைத்துத்தான் உள்ளே விட்டார்கள். பெரியவன் என்று இருந்தவன் என் மூத்த மகனை விட இளையவன். முன்னால் மேசையில் அந்தப் படம் விரித்திருந்தது, மூலைகளில் நாலு கல். ஆலையின் அங்கால் பக்கத்தில், நெல் கொட்டுகிற தரையில், என் மருமகன் முழங்காலில் இருந்தார். முகம் வீங்கியிருந்தது. எங்களைப் பார்த்ததும் குனிந்துகொண்டார்.

தம்பியைச் சொல்லச் சொன்னேன். அவன் சிங்களத்தில் ஏதோ இழுத்தான். மரியாதைச் சொற்கள் நிறைய வந்தன, விசயம் வரவில்லை. நான் அவன் முதுகில் விரலால் குத்தினேன்.

"நீதான் தலைவர் எண்டு சொல்லு."

சொன்னான். அந்தச் சிங்களம் எனக்கு விளங்காது, ஆனால் அவன் சொல்லும்போது காது சிவந்தது விளங்கியது. பெரியவன் தம்பியின் நரையைப் பார்த்தான், என் வீட்டுக்காரரின் முழங்காலைப் பார்த்தான், சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசித்தான். பிறகு இதை ஏன் கீறினீர்கள் என்று மாஸ்டரைக் கேட்டான்.

கேட்டிருக்கக் கூடாது. மாஸ்டர் ஒல்லாந்தனிலிருந்து தொடங்கினார். தம்பி சொல்லச் சொல்லப் பெரியவன் கதிரையில் நிமிர்ந்தான். அப்படி இல்லை என்றான். ஒல்லாந்தன் தேடி வந்தது கண்டி ராசாவை, துறை ராசாவுடையது, அவர் அதை விட்டுக்கொடாமல் வைத்திருந்தால் இந்தத் தீவுக்குத் தலைநகரமே மட்டக்களப்பாக இருந்திருக்கும் என்றான். மாஸ்டரின் முகம் மலர்ந்துபோனது. காய்ச்சல் எங்கே போனதென்று தெரியாது. இரண்டு பேரும் படத்தின் மேல் குனிந்தார்கள், தம்பி நடுவில் மொழிபெயர்க்க, என் வீட்டுக்காரரும் எட்டிப் பார்க்க. நான் அங்கே நின்று பார்த்தேன். நாலு ஆண்கள் ஒரு மேசையைச் சுற்றி. துவக்கு வைத்திருக்கிறவனுக்கும் அதே வியாதி. அங்கால் ஒருவன் முழங்காலில்.

பெரியவன் ஒரு இடத்தில் விரலை வைத்தான். மகா ஓயாப் பக்கம், மலையடியில் ஒரு குளம். அது தன் பாட்டன் காடு வெட்டிக் குடியேறிய ஊர்க் குளம், அது எப்படி உங்கள் கோட்டுக்குள் வந்தது என்று கேட்டான். குரல் மாறியிருந்தது.

மாஸ்டர், கேளுங்கள், அந்த மனிசன், அந்த இடத்தில் நின்றுகொண்டு, விடமாட்டேன் என்றார். அந்தக் குளத்துத் தண்ணீர் வழிந்து வருவது எங்கள் வயல் வட்டைக்கு, அந்த வயல்கள் எல்லாம் அதைக் குடித்துத்தான் விளைகின்றன, ஆகவே அது எங்களுக்கு என்றார். தம்பி மொழிபெயர்க்காமல் நின்றான். பெரியவன், என்ன சொல்கிறார், சொல்லு, என்றான்.

நான் மாஸ்டரின் கையைப் பிடித்தேன். ஒரு அந்நிய ஆணின் கையை நான் பிடித்தது வாழ்க்கையில் அந்த ஒரு தரம்தான்.

"குளத்தைக் குடுங்க மாஸ்டர்."

"தங்கச்சி, தண்ணி..."

"என்ட புள்ளையின்ட வயித்தில பிள்ள. குடுங்க."

அவர் கண்ணில் நீர் வந்தது. பொய்யில்லை. இல்லாத நாட்டின் குளத்துக்கு அழுதார், அங்கால் இருந்தவனுக்கு அழவில்லை. தலையை ஆட்டினார். பெரியவன் பேனையை எடுத்து எல்லைக்கோட்டை வளைத்துக் குளத்தைத் தன் பக்கம் எடுத்துக்கொண்டான். அவனுக்கு அது திருப்தியாக இருந்தது. அதையும் பார்த்தேன்.

பிறகு விரலைப் "படை" என்ற இடத்தில் வைத்து என்னைப் பார்த்தான்.

நான் தம்பியைச் சொல்லச் சொன்னேன். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வருவான். வந்தவனுக்கு அங்கே ஒன்றும் சொந்தமில்லை, வேலை மட்டும் சொந்தம். விறகு அவனுக்கு, தண்ணி அவனுக்கு, மாடு அவனுக்கு. இந்தக் கிழடுகள் நாடு கீறின போது படையும் ஒரு பாரமான வேலை என்று அதையும் அவனுக்குப் போட்டுவிட்டார்கள். அவனைக் கேட்கவும் இல்லை. கலியாணத்துக்கு முன்னமே போட்டுவிட்டார்கள்.

தம்பி சொல்லி முடிக்க முன்னமே பெரியவன் சிரித்துவிட்டான். தன் ஊரிலும் அது உண்டு, சிங்களத்தில் அதை 'பின்ன' கலியாணம் என்று சொல்வார்கள் என்றான். பெண்வீட்டுக்குப் போகிறவன் ஒரு பொல்லும் ஒரு பந்தமும் மழைக்குப் பிடிக்க ஒரு ஓலையும் கதவடியில் ஆயத்தமாக வைத்திருக்க வேண்டுமாம், எந்த நேரம் துரத்துவார்களோ தெரியாது என்று. தன் அண்ணனும் அப்படிப் போனவன்தான், மாமியார் பொல்லாதவள் என்று சொல்லி என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். நான் பார்வையை இறக்கவில்லை. அவனுடைய சிரிப்புக்கு நான் நன்றி சொல்லவும் இல்லை. சிரிக்காமல் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும்.

வெயில் சாய முன்னம் மருமகனை விட்டார்கள். வாரா வாரம் வந்து கையெழுத்து வைக்க வேண்டும் என்றார்கள். படத்தைப் பெரியவன் வைத்துக்கொண்டான்.

அவரால் நேராக நடக்க முடியவில்லை. என் தோளில் கை வைக்கச் சொன்னேன். மாமியார் தோளைத் தொடக் கூச்சம், மறுத்தார், பிறகு வைத்தார். பின்னால் மாஸ்டர் தம்பியிடம், குளத்தை விட்டாலும் வாய்க்கால் உரிமையைக் கேட்டிருக்கலாம் என்று மெல்லச் சொன்னது என் காதில் விழுந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பியிருந்தால் இன்னொரு சுற்றிவளைப்பு நடந்திருக்கும்.

வழியில் பாலத்தடியில் இளைப்பாற இருந்தோம். கிழவர்கள் முன்னால் போய்விட்டார்கள். அப்போது மருமகன் என்னிடம் ஒன்று சொன்னார்.

"மாமி, நான் ஓம் எண்டுட்டன்."

எதற்கு என்று கேட்டேன்.

"நீதானே படைக்குப் பெரியவன் எண்டு கேட்டாங்க. இல்ல இல்ல எண்டன். மறுகா அடி தாங்க ஒண்ணாமப் போச்சு. ஓம், நான்தான் எண்டுட்டன். எத்தின பேர் எண்டு கேட்டாங்க. அதுக்கும் ஒரு கணக்குச் சொன்னன்." பிறகு, "அவளுக்குச் சொல்லாதேங்க," என்றார்.

நான் சொல்லவில்லை. வீட்டில் மகள் வெந்நீர் வைத்து ஒத்தடம் கொடுத்தாள். அவர் மாடு கட்டியாயிற்றா என்று கேட்டார். இல்லாத ஒரு படைக்குத் தலைவன் என்று ஒத்துக்கொண்ட மனிதன் அதன் பிறகு வாரா வாரம் அந்த ஆலைக்குப் போய்க் கையெழுத்து வைத்துவிட்டு வந்தார். போகிற நாளில் சோறு இறங்காது. அவருடைய பேருக்குப் பக்கத்தில் அங்கே என்ன எழுதியிருந்தது என்று எங்களுக்கு ஒருநாளும் தெரியவரவில்லை.

வன்னியில் சண்டை எல்லாம் முடிந்த வருசம் பட்டணத்தில் வெடி கொளுத்தினார்கள். கையெழுத்து நின்றது. வவுணதீவுப் பாதையில் சாக்கைக் கொட்டச் சொல்கிறவன் இல்லாமல் போனான், மணிக்கூடு அதற்கு முன்னமே இரண்டு கரைக்கும் ஒன்றாகியிருந்தது. இனியாவது வாய் ஓயும் என்று பார்த்தேன். ஒரு மாதம் போகவில்லை, மூன்று பேரும் எங்கள் முற்றத்தில் கதிரை போட்டார்கள். அந்த நேரம் அவன் அப்படிச் செய்திருந்தால், இவன் இப்படி விட்டிருந்தால். வன்னியில் எரிந்த சனத்தின் சாம்பல் ஆறவில்லை, அதை ஒதுக்கிவிட்டுக் கோடு போட்டார்கள். நான் தேத்தண்ணியை நிறுத்தினேன். பச்சைத் தண்ணியைக் குடித்துக்கொண்டு கீறினார்கள்.

என் வீட்டுக்காரர் போய்விட்டார். தம்பியும் போய்விட்டான். இரண்டு பேருக்கும் வேண்டிய கிரியை எல்லாம் மருமகன்தான் ஓடி ஓடிச் செய்தார். பாடையும் அவர் தோளில்தான். மாஸ்டர் இன்னும் இருக்கிறார், ஒரு காது கேட்காது. இப்போதும் பொல்லை ஊன்றிக்கொண்டு வருவார். வந்து இருந்ததும் ஒல்லாந்தன் கப்பல் வாவி முகத்தில் நிற்கும். அது வந்து நிற்க, மருமகன் எழும்பிச் சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்கோ மாட்டுக்கோ போய்விடுவார். சாப்பாட்டில் இருந்தாலும் கையைக் கழுவிவிடுவார். ஒரு நாளும் அந்த மனிசனை மரியாதை குறைத்துப் பேசினதில்லை. அதை எங்கிருந்து பழகினாரோ, எங்கள் வீட்டில் இல்லை.

அன்றைக்கு வயிற்றில் இருந்த பிள்ளை நீ, என் பேத்தி. போன கிழமை என்னிடம் கேட்டாய், மாஸ்டர் வந்தால் அப்பா ஏன் எழும்பிப் போகிறார், அப்பாவுக்குப் படிப்பு விருப்பமில்லையா, வெட்கமா என்று. மாஸ்டர்தான் உனக்கு அப்படிச் சொல்லியிருக்கிறார் என்று எனக்குத் தெரியும். வாயால் சொல்ல வெளிக்கிட்டேன், முடியவில்லை, ஆகவே இருந்து எழுதினேன். இந்த வீடு உனக்குத்தான் வரப்போகிறது. இதில் யார் என்ன பாரம் தூக்கினான் என்று வீட்டுக்காரிக்குத் தெரிந்திருக்க வேண்டும். உன் அம்மாவுக்குச் சொல்லாதே என்று உன் அப்பா கேட்டார். உனக்குச் சொல்லாதே என்று கேட்கவில்லை.

எழுதி முடிந்தது. அப்பா வயலால் வர இன்னும் நேரம் கிடக்கு. அம்மாவும் கடைக்குப் போய்விட்டாள். கதவைச் சாத்திப்போட்டு இஞ்ச வந்து இரு, மகள். தொடக்கத்திலிருந்து உரத்து வாசி, நான் கேட்கிறன். எழுத்துப் பிழை கண்டால் சிரி, பரவாயில்லை. அந்தப் பாலத்தடி வரும்போது மட்டும் நிற்காமல் வாசி.